கண் சோர்வு வேறு, இமை வீக்கம் வேறு

(நமது கணினிப் பயிற்சி மையத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில், அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





இன்று கண்ணைப் பற்றிப் பேச உங்களை அழைத்திருக்கிறோம். அதற்கு முன்பு எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் நம்பிக் கொடுத்த பணத்தில் நடந்த தவறு அது. மறைப்பது சரியல்ல.

இந்த மையத்தில் படித்த தங்கை ஒருவர், வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு எழுதும் வேலை செய்து வருகிறார். வயது 24. தினமும் எட்டு மணி நேரம் கணினி முன்னால் இருப்பார். அந்த வீட்டின் வாடகை, தம்பியின் கல்லூரிக் கட்டணம் இரண்டும் அவருடைய சம்பளத்தில்தான் நடக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் கண்ணில் தொல்லை தொடங்கியது. அஸர் நேரம் ஆகும்போது கண் கனக்கும், எரியும், எழுத்து மங்கும், நெற்றி வலிக்கும். காலையில் எழுந்தால் இமைகள் வீங்கியிருக்கும். ஒரு வாரம் வலது இமை, அடுத்த வாரம் இடது இமை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் பாட்டி. கணினியின் சூடு என்றார் மாமா. "ராத்திரி பகலா அதையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு வீங்காம என்ன செய்யும்?" என்று அழுதார் உம்மா. எங்களிடம் வந்து கேட்டபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "கண்ணைவிட வேலையா பெரிது? விட்டுவிடும்மா" என்றோம். மற்ற மாணவியரும் கண் எரிகிறது என்று சொல்லவே, நீல ஒளியைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்ட கண்ணாடிகளை 36 பேருக்கு வாங்கிக் கொடுத்தோம். நன்கொடைப் பணம் அது. யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

பிறகுதான் தெரிந்துகொண்டோம். 2023-ஆம் ஆண்டில் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பு, இத்தகைய கண்ணாடிகளைப் பற்றிய 17 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. கணினியால் வரும் கண் சோர்வை அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. திரையிலிருந்து வரும் நீல ஒளி வெயிலில் இருப்பதை ஒப்பிடும்போது மிகச் சொற்பம். அந்தப் பணத்தில் முறையான கண் பரிசோதனை செய்திருந்தால் பாதிப் பேருக்காவது நன்மை கிடைத்திருக்கும். அல்லாஹ் எங்களை மன்னிப்பானாக.

இதற்கிடையில் அந்தத் தங்கை மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கியிருக்கிறார். போட்ட மறுநாளே கண் வெளுத்து, வீக்கமும் வடிந்துவிட்டது. நிறுத்தினால் மறுபடியும் வந்தது. இப்படியே விட்டு விட்டு நான்கு மாதம் போட்டிருக்கிறார். அது ஸ்டீராய்டு கலந்த மருந்து என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் உடனே மருந்து எதுவும் எழுதவில்லை. இமை ஓரத்தையும் கண்ணின் அழுத்தத்தையும் சோதித்தார், பழைய சொட்டு மருந்தை நிறுத்தச் சொன்னார். பிறகு, "ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளம்மா. இரண்டு வாரத்துக்கு எழுது. கண் எப்போது கனக்கிறது, இமை எப்போது வீங்குகிறது, அன்றைக்கு எத்தனை மணி நேரம் வேலை, கண்ணில் என்ன போட்டாய், எல்லாவற்றையும் எழுது" என்றார்.

இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. விடுமுறை நாட்களில் கண் கனக்கவில்லை, தலையும் வலிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இமை வீக்கம் மட்டும் வழக்கம்போல இருந்தது! திரையையே தொடாத நாளிலும் இமை வீங்குகிறது என்றால், அதற்குத் திரையை எப்படிக் குற்றம் சொல்வது?

ஆக, அவருக்கு இருந்தவை இரண்டு வெவ்வேறு தொல்லைகள். நாங்கள் எல்லோரும் அதை ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கணினியின் தலையில் சுமத்தியிருந்தோம். கணினி கண்ணைச் சோர்வடையச் செய்யும். ஆனால் இமை வீங்கினால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இன்று இங்கிருந்து போகும்போது இந்த ஒன்றை மட்டுமாவது நெஞ்சில் வைத்துக்கொண்டு போங்கள்.

முதலில் சோர்வைப் பார்ப்போம்.

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது 5 முதல் 7 வரை குறைந்துவிடுகிறது. அதிலும் பல இமைப்புகள் முழுதாக மூடாத அரைகுறை இமைப்புகள். இமைக்கும்போதுதான் கண்ணீர் கண் முழுவதும் பரவுகிறது. இமைப்பு குறைந்தால் கண் காய்கிறது. காய்ந்த கண் எரியும், உறுத்தும். சிலருக்கு அந்த உறுத்தலாலேயே நீராக வழியும். "தண்ணீர் வடிகிறதே, இதைப் போய் வறட்சி என்கிறீர்களே" என்று கேட்பார்கள். வறட்சியைத் தாங்காமல்தான் கண் அப்படி அழுகிறது.

அடுத்தது, வெளியில் தெரியாத பார்வைக் குறை. அந்தத் தங்கை பள்ளியில் எழுத்துப் பலகையின் எல்லா வரிகளையும் படித்தவர். அதனால் கண்ணாடி தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்தசையைத் தளரச் செய்து அளந்தபோது, கிட்டப் பார்ப்பதற்குப் பிளஸ் பவர் தேவைப்படுவது தெரிந்தது. இளம் வயதில் கண் தன் பலத்தால் அந்தக் குறையைச் சமாளித்துவிடும். ஆனால் எட்டு மணி நேரம் சமாளிக்கச் சொன்னால் அதுவும் களைத்துப்போகும். பாரம் தூக்குகிறவருக்குத் தோள் வலிப்பதைப் போலத்தான் இதுவும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வெள்ளெழுத்து. வயதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் கண்ணாடியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்போம், தலைவலி மாத்திரையை மட்டும் தள்ளிப்போட மாட்டோம்.

மூன்றாவது, உட்காரும் இடம். நாங்கள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். திரை ஓர் உயரமான அலமாரியின் மேல் இருந்தது. அண்ணாந்து பார்க்கும்போது கண் அகலத் திறந்திருக்கும், கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். மேசை மின்விசிறி நேராக முகத்தில் வீசிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் ஜன்னல், பகல் முழுதும் கண்ணில் வெளிச்சம். மூன்றையும் மாற்ற அரை மணி நேரமும் ஒரு பலகையும் போதுமாக இருந்தது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகவும், திரை ஒரு கை நீளத் தொலைவிலும் இருக்க வேண்டும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். விசிறிக் காற்று காலில் படட்டும், கண்ணில் வேண்டாம்.

ஓய்வுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 விநாடி பார்ப்பது. ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் நிபுணர், நினைவில் நிற்பதற்காக இப்படிச் சொல்லிக்கொடுத்தார். அந்த 20 விநாடியில் கண்ணை மெதுவாக, முழுதாக மூடித் திறந்தால் இன்னும் நல்லது. லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து போகிறவருக்கு நீண்ட ஓய்வு தானாகக் கிடைத்துவிடுகிறது. ஆனால் ஸலாம் கொடுத்த கையோடு தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், கண்ணுக்கு அது ஓய்வே அல்ல.

இனி வீக்கத்துக்கு வருவோம்.

நம் இமை ஓரங்களில், முடி முளைக்கும் இடத்தை ஒட்டி, வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மெய்போமியன் சுரப்பி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் மெய்போமின் பெயர் அது. இந்தச் சுரப்பிகள் தரும் மெல்லிய எண்ணெய்தான் கண்ணீர் காய்ந்துபோகாமல் மேலே மூடிக் காக்கிறது. அந்த எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொண்டால் இமை ஓரம் சிவக்கும், தடிக்கும், பொடுகுபோல் செதில் படியும். காலையில் எழும்போது அதிகமாக இருக்கும். சில சமயம் கண்கட்டியாகத் திரளும். அந்தத் தங்கைக்கு இருந்தது இதுதான். திரையைப் பார்த்து இமைப்பு குறைவதால் எண்ணெய் வெளியே வருவதும் குறையும். ஆகவே கணினிக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வேலையை விட்டுவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது.

தீர்வு நம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சிறு வயதில் கண்ணில் உறுத்தினால், உம்மா முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றி எடுப்பார்கள் அல்லவா? அதே வழிதான், இன்னும் கொஞ்சம் சுத்தமாக. சுத்தமான பருத்தித் துணியைச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்து, முதலில் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். தாங்கும் சூடு என்றால் மூடிய இமைமேல் வையுங்கள். ஆறினால் மறுபடியும் நனைத்து, ஐந்து முதல் பத்து நிமிடம் வரை செய்யுங்கள். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும், கீழ் இமையைமேல் நோக்கியும் விரலால் இதமாக நீவிவிடுங்கள். கடைசியாக, கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் இமைமுடியின் அடியைத் துடைத்தெடுங்கள். காலையும் இரவும் இப்படிச் செய்ய வேண்டும். இரண்டு நாளில் பலன் தெரியாது, இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். உளூச் செய்யும்போதுதான் முகம் கழுவுகிறோமே என்று கேட்கலாம். அது முகத்தின் தூசியைப் போக்கும். அடைபட்ட எண்ணெயை இளக்க இந்தச் சூடு தேவை.

எல்லா வீக்கமும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள்.

நம் மஹல்லாவில் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கைக் கணினியில் போடத் தொடங்கினார். காலையில் இரண்டு கண்ணும் வீங்கியிருக்கும். "இந்தக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து கண் போச்சு" என்று எல்லோரிடமும் சொல்வார். அந்தத் தங்கையின் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, அவரும் எழுதிப் பார்த்தார். சாயங்காலம் செருப்பு இறுக்குகிறது, கால் வீங்குகிறது என்பதையும் அதில் எழுதியிருந்தார். அதைப் பார்த்த மருத்துவர் முதலில் சிறுநீரைத்தான் சோதிக்கச் சொன்னார். சிறுநீரில் புரதம் கழிந்துகொண்டிருந்தது. சர்க்கரை நோய் அவர் அறியாமலேயே சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டிருந்தது. இப்போது சிகிச்சையில் இருக்கிறார். இன்னும் ஓராண்டு கணினியையே குறை சொல்லிக்கொண்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா. கண் மருத்துவர்களுக்கென அவர் எழுதிய கையேடு மூன்று பகுதிகள் கொண்டது. முதலாவது கண்ணின் அமைப்பு, இரண்டாவது வெளியே தெரியும் நோய்கள், மூன்றாவது உள்ளே மறைந்திருப்பவை. வெளியே தெரிவதை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே என்ற பாடம் அந்த வரிசையிலேயே அடங்கியிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதே பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இமை வீக்கத்தில் எதையெதைக் கவனிக்க வேண்டும்? அரிப்பும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். புதிய மை, தலைச்சாயம், நகப்பூச்சு, கருப்பு மருதாணி என்று எதையாவது மாற்றினோமா என்று பார்க்க வேண்டும். நகத்தில் பூசியது கண்ணுக்கு எப்படிப் போகும் என்று கேட்காதீர்கள். ஒரு நாளில் எத்தனை முறை கண்ணைத் தொடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கண் விழி முன்னால் தள்ளியதுபோல் தெரிந்து, உடல் இளைத்து, படபடப்பும் இருந்தால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். கண்கட்டி அடிக்கடி வந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். முகமும் காலும் வீங்கினால் சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் பாருங்கள்.

சுர்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிர்ச்சி என்று நம்பி அந்தத் தங்கைக்கு உம்மா தினமும் சுர்மா போட்டுவிட்டிருக்கிறார். அன்பினால் செய்தது. ஆனால் கடைகளில் இத்மித் என்றும் சுர்மா என்றும் விற்பதெல்லாம் அஞ்சனக் கல் அல்ல. சோதித்துப் பார்க்கப்பட்ட பல சுர்மாக்களில் இருந்தது ஈயம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் அதை விற்பதற்கே அனுமதி இல்லை. இமை வீங்கியிருக்கும்போது சுர்மாவோ மையோ எதுவும் வேண்டாம். பச்சிளங் குழந்தைகளுக்கு எப்போதுமே வேண்டாம்.

அந்தச் சொட்டு மருந்தின் கதையையும் முடித்துவிடுகிறோம். ஸ்டீராய்டு மருந்து தேவையான இடத்தில் நல்ல மருந்துதான். மருத்துவர் பார்வையில் இல்லாமல் வாரக்கணக்கில் போட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். வலி இருக்காது, கண் சிவக்காது. போன பார்வை திரும்பவும் வராது. அந்தத் தங்கைக்கு அழுத்தம் ஏறியிருந்தது. மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. நரம்புக்குப் பாதிப்பில்லை, அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆகவே கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்: சிவந்த கண்ணுக்கு என்று சொல்லிக் கடையில் வாங்காதீர்கள். ஒருவருக்கு எழுதிய சொட்டு மருந்தை இன்னொருவருக்கு விடாதீர்கள். திறந்து ஒரு மாதமான குப்பியை எறிந்துவிடுங்கள்.

எப்போது நோட்டும் வேண்டாம், ஒத்தடமும் வேண்டாம், உடனே ஓட வேண்டும்? பார்வை திடீரென்று மங்கினால், கண்ணில் கடும் வலி வந்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் போனால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், இமை வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தால், விழியை அசைக்கும்போது வலித்தால், உடனே ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு இமை முழுதும் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் இரவு என்றும் பாராதீர்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கிறது. சென்னையில் 1819-இல் தொடங்கி, இப்போது எழும்பூரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனை இருநூறு ஆண்டுகளைக் கடந்து நடக்கிறது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று பல ஊர்களில் இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பார்க்கிறது. அதற்கும் வழியில்லாதவர்கள் தயங்காமல் எங்களிடம் வாருங்கள்.

எங்கள் தவறுக்கு ஈடாக நாங்கள் எடுத்திருக்கும் முடிவுகளையும் அறிவித்துவிடுகிறோம். இனி இந்த மையத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் வகுப்பு தொடங்கும் முன் முழுமையான கண் பரிசோதனை நடக்கும். கண்ணாடி தேவைப்பட்டு, வாங்க வசதியில்லாதவர்களுக்கு அறக்கட்டளை வாங்கித் தரும். விளம்பரத்தை நம்பி எதையும் மொத்தமாக வாங்க மாட்டோம். இன்று வெளியே போகும்போது ஆளுக்கொரு சிறிய நோட்டு கொடுக்கிறோம். கண் தொல்லை இருப்பவர்கள் இரண்டு வாரம் எழுதுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உடனே ஓட வேண்டும் என்று சொன்ன அறிகுறிகள் இருந்தால் மட்டும் நோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பெற்றோர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் படித்து, மானத்தோடு வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் வழி இப்போதுதான் திறந்திருக்கிறது. கண் எரிகிறது என்றதும் அந்த வழியை நாமே அடைத்துவிடக் கூடாது. கண்ணையும் காக்க வேண்டும், வேலையையும் காக்க வேண்டும். இரண்டும் முடியும் என்பதற்கு அந்தத் தங்கையே சாட்சி. கண்ணாடி போட்டுக்கொண்டார், திரையை இறக்கி வைத்தார், காலையும் மாலையும் ஒத்தடம் கொடுக்கிறார். அதே வேலையில்தான் இருக்கிறார். இன்று இந்த அரங்கின் பின்வரிசையில் உம்மாவோடு உட்கார்ந்திருக்கிறார். தன் கதையை உங்களுக்குச் சொல்லச் சொன்னவரும் அவர்தான்.

அல்லாஹ் நம் அனைவரின் கண்களையும் காப்பானாக. நோயுற்றோருக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.